முதலில் கலவை, பிறகு உலோகம்: உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகளும் நம் கருமணலும்

களியக்காவிளைக்கு இப்பக்கம் மணவாளக்குறிச்சி, அப்பக்கம் கொல்லத்தை அடுத்த சவறை. இரண்டு கரைகளிலும் கிடப்பது ஒரே கருமணல்தான்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட். 2023-இல் மத்தியச் சுரங்க அமைச்சகம் நாட்டுக்கு இன்றியமையாதவை என்று 30 கனிமங்களைப் பட்டியலிட்டபோது, இந்த மணலிலிருந்து கிடைக்கும் டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம் மூன்றும் அதில் இருந்தன. கருமணலைப் பற்றிய பேச்சில் இப்போது இரண்டு புதிய சொற்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, உயர் என்ட்ரோபி உலோகக்கலவை. மற்றொன்று, ஆக்சைடுகளின் மின்வேதி ஒடுக்கம், அதாவது மின்சாரத்தால் ஆக்சிஜனை நீக்கி உலோகத்தை மீட்பது.

இதனால் எழும் கேள்விகள் நியாயமானவை. மணலை மின்சாரத்தாலேயே உலோகமாக்கிவிட முடியுமா? முடியுமென்றால் அமிலமும் குளோரினும் புழங்கும் ஆலைகள் இனி வேண்டாமா? அந்த வசதியைக் காட்டி இன்னும் அதிக மணலை அள்ளுவார்களா? இவற்றுக்கு ஒரே சொல்லில் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. கலவை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாம்பார் வேறு, அவியல் வேறு

நாம் அறிந்த உலோகக்கலவைகள் எல்லாவற்றிலும் ஒரு தலைமை உலோகம் உண்டு. எஃகில் இரும்பு தலைமை; கரி ஒரு சிட்டிகை. நம் வீடுகளில் பாயசம் வைக்கும் ஓட்டு உருளியில் செம்பு சுமார் நான்கு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. விமான அலுமினியத்திலும் அலுமினியமே பெரும்பங்கு. சாம்பாரில் பருப்பு அடித்தளம், காய்கள் அதற்குத் துணை என்பதைப் போன்ற அமைப்பு இது. செம்புக்காலம் முதல் உலோகவியல் இந்தச் சமையலைத்தான் செய்துவந்தது.

உயர் என்ட்ரோபி உலோகக்கலவை அவியலைப் போன்றது. சேனை, வாழைக்காய், முருங்கை, வெள்ளரி, புடலை என்று எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருக்கும். எந்தக் காயின் அவியல் என்று கேட்டால் பதில் இல்லை. பொதுவான வரையறை இதுதான்: குறைந்தது ஐந்து தனிமங்கள், ஒவ்வொன்றும் அணுக்களின் எண்ணிக்கையில் 5 முதல் 35 சதவீதம் வரை.

இந்தக் கருத்தை 2004-இல் இருவர் தனித்தனியாக வெளியிட்டனர். தைவானின் ஜியன்-வெய் யே இதற்குப் பெயர் சூட்டினார். இங்கிலாந்தின் பிரையன் கேன்டர் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகிய ஐந்தையும் சம அளவில் சேர்த்த கலவையை விவரித்தார். அது இன்றும் கேன்டர் கலவை என்றே அழைக்கப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பல்லுலோகக் கலவைகளைப் பற்றி எழுதியிருந்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.எஸ். மூர்த்தியின் குழு இத்துறையில் தொடக்கம் முதலே உழைத்தது. இது நமக்குத் தொலைவான துறை அன்று.

என்ட்ரோபி இங்கே என்ன செய்கிறது?

தோவாளைச் சந்தையில் ஐந்து நிறப் பூக்களை ஒரே கூடையில் கொட்டிக் குலுக்குவதாகக் கொள்வோம். நிறம் நிறமாகப் பிரிந்து நிற்கும் அடுக்குகள் மிகச் சில. கலந்து கிடக்கும் அடுக்குகள் எண்ணி மாளாதவை. எனவே குலுக்கக் குலுக்கக் கலப்பே மிஞ்சும். இப்படிக் கலந்து கிடக்கக்கூடிய வழிகளின் பெருக்கத்தைத்தான் என்ட்ரோபி அளக்கிறது.

இரண்டு உலோகங்களைச் சமமாகக் கலந்தால் ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 5.8 ஜூல் கலப்பு என்ட்ரோபி கிடைக்கிறது. ஐந்தைச் சமமாகக் கலந்தால் 13.4 ஜூல். இதை வெப்பநிலையால் பெருக்கினால் கலவையைச் சேர்த்துப் பிடிக்கும் வலு தெரியும். 1000 டிகிரி செல்சியஸில் அது மோலுக்குச் சுமார் 17 கிலோஜூல். அறை வெப்பத்தில் சுமார் 4 கிலோஜூல் மட்டுமே.

இந்த வேறுபாட்டைப் பல செய்திக் குறிப்புகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஐந்து உலோகங்களைச் சேர்த்தாலே அவை பிரியாமல் ஒன்றிவிடும் என்று எழுதுவது தவறு. உலோகங்களுக்கிடையே உள்ள ஈர்ப்பும் வெறுப்பும், அணுக்களின் அளவு வேறுபாடும் என்ட்ரோபியை எதிர்த்து நிற்கின்றன. கேன்டர் தம் சோதனைகளில் 20 தனிமங்களைத் தலா 5 சதவீதம் சேர்த்தும் பார்த்தார். கிடைத்தது வெவ்வேறு அமைப்புள்ள பல பகுதிகளாகப் பிரிந்த, நொறுங்கும் பொருள். அந்தத் தோல்விக்குள் ஐந்து தனிமங்கள் மட்டும் ஒன்றாகத் திரண்டிருந்த ஒரு பகுதியைக் கவனித்துத்தான் அவர் தம் கலவையைக் கண்டார். அந்தக் கலவையும் 500 டிகிரி அளவில் மிக நீண்ட காலம் வைத்தால் மெல்லப் பிரியத் தொடங்குகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? பல எஃகுகள் கடுங்குளிரில் கண்ணாடிபோல் உடையும். கேன்டர் கலவையோ திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் வலிமை கூடிய பிறகும் முறிவைத் தாங்குகிறது என்று 2014-இல் காட்டப்பட்டது. மறுமுனையில் நியோபியம், மாலிப்டினம், டான்டலம், டங்ஸ்டன் கலந்த வகை, சாதாரணக் கலவைகள் இளகிவிடும் வெப்பத்திலும் உறுதியாக நிற்கிறது. டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம், நியோபியம், டான்டலம் சேர்ந்த ஐந்து உலோகக் கலவையை எலும்பு மாற்று உறுப்புகளுக்காகவும் ஆராய்கிறார்கள். நம் கரையைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது இதைத்தான்.

உருக்கிக் கலத்தல்

ஆய்வகங்களில் பெரும்பாலும் கையாளப்படுவது மின்வில் உருக்கல். நீரால் குளிர்விக்கப்படும் செம்புத் தட்டில் உலோகத் துண்டுகளை வைத்து, ஆர்கான் வாயுச் சூழலில் டங்ஸ்டன் முனையிலிருந்து மின்வில் பாய்ச்சுகிறார்கள். மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை விழுங்கிக்கொள்ள ஒரு டைட்டானியத் துண்டை முதலில் உருக்குவதும் உண்டு. கிடைப்பது ஒரு சின்ன உலோக வில்லை. அதைத் திருப்பிப் போட்டு நான்கைந்து முறை மீண்டும் உருக்கினால்தான் ஓரளவு சீராகக் கலக்கும்.

இங்கே மூன்று இடர்கள் இருக்கின்றன.

1. ஆவியாதல். குரோமியம் உருகுவது 1907 டிகிரியில். மாங்கனீசு கொதிப்பது 2061 டிகிரியில். இரும்பும் நிக்கலும் உருகிய குழம்பில் குரோமியம் அதற்கு முன்பே கரையும் என்றாலும், மின்வில் படும் இடம் மிகக் கடுமையாகக் காய்கிறது. அங்கே மாங்கனீசு புகையாகப் போய், எடை போட்டு வைத்த விகிதம் கெட்டுவிடுகிறது. டான்டலம் உருக 3017 டிகிரி வேண்டும். டைட்டானியத்துக்கு 1668 போதும்.

2. உறையும்போது பிரிதல். உயர் வெப்பத்தில் உருகும் தனிமங்கள் முதலில் உறைந்து மரக்கிளைபோல் படிகின்றன. மற்றவை இடுக்குகளில் தேங்குகின்றன. எல்லாக் காயையும் ஒரே நேரத்தில் போட்டால் சேனை வேகாமலும் வெள்ளரி குழைந்தும் போகுமே, அதற்கு இணையான குறை. சரிசெய்ய 1000 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்த வேண்டும்.

3. மூலப்பொருள். தூய டைட்டானியமும் தூய ஹாஃப்னியமும் முன்னரே உலோகமாக இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே தாதுவிலிருந்து பிரித்தெடுத்த செலவு ஏற்கெனவே அவற்றின் விலையில் ஏறியிருக்கிறது.

வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டில் எஃகு உருக்கும் இண்டக்‌ஷன் உலைகளைப் பார்த்தவர்களுக்கு, அதே உலை போதாதா என்று தோன்றலாம். இரும்பு, நிக்கல், கோபால்ட் வகைக்கு, வெற்றிடத்தில் இயங்கும் அதன் உயர்வகை உதவும். டன் கணக்கில் செய்ய அதுவே நல்ல வழி. டைட்டானியம், சிர்கோனியம் வகைக்கு உதவாது. அவை உருகிய நிலையில் உலையின் சுட்டமண் பூச்சிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும்.

அரைத்துக் கலத்தல், வேறு சில வழிகள்

உருக்காமலேயே கலக்க முடியும். உலோகப் பொடிகளைக் கடினமான குண்டுகளுடன் உருளையில் அடைத்து இருபது மணி நேரமோ அதற்கு மேலோ சுழற்றினால், பொடிகள் நசுங்கி, ஒட்டி, உடைந்து, மறுபடி ஒட்டி, அணு அளவில் கலக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. குழு 2008-இல் அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு ஆறையும் இப்படிக் கலந்து காட்டியது. 907 டிகிரியிலேயே கொதித்துப் போகும் துத்தநாகத்தை உருக்கிக் கலப்பது எவ்வளவு கடினம் என்பதை நினைத்தால் இந்த முறையின் அருமை விளங்கும். குறை என்னவென்றால், ஆட்டுக்கல் தேய்ந்து மாவில் மணல் நறநறப்பதுபோல் குண்டுகளின் இரும்போ டங்ஸ்டன் கார்பைடோ பொடியில் கலந்துவிடும். நுண்பொடி காற்றுப் பட்டால் ஆக்சைடாகும் என்பதும் ஓயாத தொல்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உருகிய கலவையை வாயுவால் சிதறடித்துப் பொடியாக்கி, லேசரால் அடுக்கடுக்காக உருக்கி உறுப்புகளை உருவாக்குகிறார்கள். வெற்றிட அறையில் மெல்லிய பூச்சாகப் படியவைக்கிறார்கள். 2018-இல் ஒரு குழு, கரி இழைகள்மீது படிந்த உலோக உப்புகளை நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குச் சுமார் 2000 கெல்வின் வரை சூடேற்றி, உடனே குளிர்வித்து, எட்டுத் தனிமங்கள் கலந்த நானோ துகள்களைப் பெற்றது. வினையூக்கிகளுக்கு அது பெரிய முன்னேற்றம். கட்டுமானப் பொருளுக்குப் பொருந்தாது.

ஆக்சைடு வழி: வரிசை தலைகீழாகிறது

இதுவரை சொன்ன எல்லா முறைகளிலும் முதலில் உலோகம், பிறகு கலவை. மின்வேதி ஒடுக்கம் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் ஆக்சைடுகளைக் கலக்கிறார்கள். கலந்த பிறகே உலோகமாக்குகிறார்கள்.

'ஒடுக்கம்' என்பது பள்ளிப் பாடத்தில் வரும் அதே சொல். உலோக ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கி உலோகத்தை மீட்பது. இரும்பு ஊதுலையில் கரி அந்த வேலையைச் செய்கிறது. இங்கே மின்சாரம் செய்கிறது. டெரெக் ஃப்ரே, டாம் ஃபார்த்திங், ஜார்ஜ் சென் மூவரும் கேம்பிரிட்ஜில் டைட்டானியத்துக்காக இதை உருவாக்கி 2000-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மூவரின் பெயரெழுத்துகளைக் கொண்டு எஃப்.எஃப்.சி. கேம்பிரிட்ஜ் முறை என்று பெயர் வந்தது.

செய்முறை இப்படி நடக்கிறது:

1. வேண்டிய விகிதத்தில் ஆக்சைடுப் பொடிகளை எடை போட்டு, நன்றாக அரைத்துக் கலந்து, வில்லையாக அழுத்திச் சுடுகிறார்கள். வில்லை உறுதியாகவும் இருக்க வேண்டும், நுண்துளைகளோடும் இருக்க வேண்டும். துளை அடைந்துபோனால் உள்ளே உப்பு நுழையாது. உள்வயிறு ஆக்சைடாகவே நின்றுவிடும்.

2. கால்சியம் குளோரைடு உப்பை உலர்த்தி உருக்குகிறார்கள். புத்தளம் உப்பளத்தில் விளையும் சோற்றுப்பு அன்று இது. அலமாரியில் ஈரம் உறிஞ்சத் தொங்கவிடும் பைகளில் இருப்பது. 772 டிகிரியில் உருகும். ஆக்சிஜன் அயனிகளைத் தன்னுள் நன்றாகக் கரைத்துக்கொள்ளும். கடைசியில் தண்ணீரில் கழுவினால் போய்விடும். ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கித் தானே நீராகிவிடும் அளவுக்கு அதற்குத் தாகம். இடவப்பாதி மழைக்காலத்தில் நம் பகுதியில் இப்படி ஓர் உலையை நடத்துபவருக்கு, உப்பை உலர்த்துவதே பாதி வேலையாக இருக்கும்.

3. சுமார் 900 டிகிரியில், ஆர்கான் சூழலில், வில்லையை எதிர்மின்வாயாகவும் கிராஃபைட் தண்டை நேர்மின்வாயாகவும் உருகிய உப்பில் இறக்கி, ஏறத்தாழ 3 வோல்ட் அழுத்தம் கொடுக்கிறார்கள். ஆக்சைடைப் பிரிக்கப் போதுமான, ஆனால் உப்பையே பிரித்துவிடாத அளவு அது. இந்த இடைவெளி மிகக் குறுகியது.

4. வில்லையில் உள்ள ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பெற்று அயனியாகி உப்பில் கரைகிறது. நீந்திப் போய்க் கிராஃபைட்டில் கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவோ டை ஆக்சைடாகவோ வெளியேறுகிறது. வில்லை எங்கும் உருகுவதில்லை. வைத்த இடத்திலேயே ஆக்சிஜனை இழந்து, பஞ்சுபோல் துளைகள் நிறைந்த உலோகமாக மாறுகிறது.

இந்த நான்காம் படியில்தான் கலவைக்கான பெரும் பயன் இருக்கிறது. எதுவும் உருகாததால் உறையும்போது பிரியும் சிக்கல் எழவே இல்லை. 900 டிகிரியில் மாங்கனீசு கொதிப்பதில்லை. டான்டலத்தை உருக்க 3000 டிகிரி தேவைப்படுவதில்லை.

முந்துவதும் பிந்துவதும்

ஆக்சைடுகள் எல்லாம் ஒரே பிடிவாதம் உள்ளவை அல்ல. நிக்கலும் கோபால்டும் இரும்பும் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடும். குரோமியம் சற்று இழுத்தடிக்கும். டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம் கடைசி வரை பிடித்துக்கொள்ளும். அப்படியானால் கலவை எப்படிச் சீராக அமையும்? இயல்பாக எழும் இந்த ஐயத்துக்கு இரண்டு விடைகள் உள்ளன. முறையின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, முந்தி உலோகமாகும் நிக்கலோ இரும்போ வில்லைக்குள் மின்கம்பிபோல் பரவுகிறது. ஆக்சைடுகளில் பல மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதவை. உள்ளே உருவான உலோக வலை, பிந்துபவற்றின் வாசலுக்கே எலக்ட்ரானைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இரண்டாவது, தனியாக உலோகமாவதைவிட, ஏற்கெனவே இருக்கும் உலோகத்தில் கரைந்து கலவையாவது பிந்துபவற்றுக்கு எளிது. எனவே தேவைப்படும் மின்னழுத்தமும் குறைகிறது. கலப்பதும் ஒடுக்குவதும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

இடையூறு இல்லாமல் இல்லை. டைட்டானியம் ஆக்சைடு உப்பிலுள்ள கால்சியத்தை இழுத்துக் கால்சியம் டைட்டனேட்டாகி, பருத்து, துளைகளை அடைக்கிறது. பிறகே மெல்லப் பிரிகிறது. நேர்மின்வாயில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு உப்பில் கரைந்து கார்பனேட்டாகி, எதிர்மின்வாய்க்கு வந்து கரியாகப் படிந்து உலோகத்தைக் கெடுக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, கடைசியாக மிஞ்சும் ஆக்சிஜன். வணிகத் தரத் தூய டைட்டானியத்தில் அனுமதிக்கப்படும் ஆக்சிஜன் முதல் தரத்தில் 0.18 சதவீதம், நான்காம் தரத்திலேயே 0.40 சதவீதம், கூடக் கூட உலோகம் வளையும் தன்மையை இழக்கிறது. பெரும்பகுதி ஆக்சிஜன் சில மணி நேரத்தில் போய்விடும். இந்தக் கடைசித் துளியோ உலோகத்தின் உள்ளிருந்து ஊர்ந்து வர வேண்டியிருக்கிறது. அதற்குள் பாயும் மின்சாரத்தின் பெரும்பங்கு வீணாகிறது. ஆய்வகம் ஒன்று ஆக்சைடிலிருந்து கலவை கிடைத்தது என்று அறிவித்தால் நான் முதலில் தேடுவது அதில் மிஞ்சிய ஆக்சிஜனின் அளவைத்தான்.

யூனிட் கணக்கு

இதை நாமே போட்டுப் பார்க்கலாம். டைட்டானியம் டை ஆக்சைடிலிருந்து ஒரு டைட்டானிய அணுவை மீட்க நான்கு எலக்ட்ரான்கள் தேவை. ஃபாரடே விதிப்படி ஒரு கிலோவுக்கு 2,240 ஆம்பியர் மணி. 3 வோல்ட்டில் பெருக்கினால் 6.7 யூனிட். ஒரு துளி மின்சாரமும் வீணாகாவிட்டால் இவ்வளவு. மின்சாரத்தில் 30 சதவீதமே பயன்பட்டால் 22 யூனிட்டுக்கு மேல் போய்விடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016-இல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டில், அந்த நிலையில் ஐந்து கிலோகூடத் தேறாது. உலையைச் சூடாக வைத்திருக்கும் செலவு இதில் சேரவில்லை.

புகையே இல்லை என்பதும் சரியன்று. கிராஃபைட் நேர்மின்வாய் எரிந்து தீரும்போது, கணக்குப்படி ஒரு கிலோ டைட்டானியத்துக்குச் சுமார் 0.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். எரியாத நேர்மின்வாய்ப் பொருள்களை ஆய்வாளர்கள் தேடுவது இதற்காகத்தான். அது கைகூடினால் கார்பனேட் தொல்லையும் தீரும்.

இனி, நம் மணல்

மின்வேதி ஒடுக்கம் ஆக்சிஜனை மட்டுமே அகற்றும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வில்லையில் சிலிக்கா இருந்தால் சிலிக்கன் கலவைக்குள் வந்து உட்காரும். இரும்பு ஆக்சைடு இருந்தால் இரும்பு வரும். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் பிணைந்த ஆக்சைடு. சவறை இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு ஏறத்தாழ 60 சதவீதம், மணவாளக்குறிச்சியில் ஏறத்தாழ 55. அதை அப்படியே ஒடுக்கினால் கிடைப்பது இரும்பு கலந்த டைட்டானியம். இரும்பு வேண்டிய கலவைக்கு அது வசதி. எலும்பு உறுப்புக்கான கலவைக்கு ஆகாது.

அதனால் தூய ஆக்சைடு முதலில் வேண்டும். அது எங்கிருந்து வரும்? சவறையில் உள்ள கேரள அரசு நிறுவனமான கே.எம்.எம்.எல். செய்வதுபோல், இல்மனைட்டை அமிலத்தால் செறிவூட்டி, குளோரினேற்றி, டைட்டானியம் டெட்ராகுளோரைடாக்கித் தூய்மைப்படுத்தித்தான். அங்கேயே 2011 முதல் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் ஸ்பாஞ்ச் (பஞ்சுபோல் துளைகள் நிறைந்த டைட்டானிய உலோகம்) ஆலையும் இருக்கிறது. டெட்ராகுளோரைடை மெக்னீசியத்தால் ஒடுக்கும் க்ரோல் முறை அது. மின்வேதி வழி வந்தால் மெக்னீசியம் படி மறையலாம். அமிலமும் குளோரினும் புழங்கும் படி, தூய ஆக்சைடு தேவைப்படும்வரை மறையாது. இல்மனைட்டைச் செறிவூட்டிக் கிடைக்கும், ஓரளவு தூய்மையான செயற்கை ரூட்டைலையே நேரடியாகப் பயன்படுத்தும் முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றில் மிஞ்சும் அசுத்தங்களைத் தாங்கும் கலவையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால்தான் அந்த வழி பயன்படும்.

மணல் எடுப்பதைப் பற்றிய கேள்விக்கு என் பதில் தெளிவானது. இந்த வேதியியல் முழுவதும் மணல் தோண்டப்பட்ட பிறகே தொடங்குகிறது. கடலரிப்பு, மோனசைட்டில் உள்ள கதிரியக்கத் தனிமமான தோரியம், மீனவர்களின் கரை உரிமை ஆகியவற்றில் எதையும் இது மாற்றுவதில்லை. மணல் எடுப்பது குறித்துக் கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்து மக்கள் எழுப்பும் கேள்விகளுக்கு, புதிய உலோகவியலைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. அந்த முடிவை அந்தக் கரையின் நலனைக் கொண்டே எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே பிரிக்கப்படும் மணலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சிர்கானில் சிர்கோனியத்தோடு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஹாஃப்னியம் எப்போதும் கூடவே வரும். அணு உலைக்குப் போகும் சிர்கோனியத்தில் அது இருக்கக் கூடாது. நியூட்ரான்களை அது விழுங்கிவிடும் என்பதால் பெரும் முயற்சியுடன் பிரித்து ஒதுக்குகிறார்கள். தூத்துக்குடி அருகே பழையகாயலில் சிர்கோனியத்துக்கென்றே ஓர் ஆலை நடக்கிறது. டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம், நியோபியம், டான்டலம் கலவையிலோ ஹாஃப்னியம் ஐந்தில் ஒரு பங்கு. உலைக்கு ஆகாதென்று ஒதுக்கப்படும் அந்த ஆக்சைடு, இங்கே எடை போட்டுச் சேர்க்க வேண்டிய சரக்கு.